சாப்பிட மாட்டாத பிள்ளையும் சாப்பிட ஏலாத பிள்ளையும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமார் ஒவ்வொரு தவணையும் சொல்லும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது: “சேர், இவன் ஒண்டுமே தின்றானில்ல.” அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் மூத்தம்மாவிடம் பதிலும் தயாராக இருக்கும்: “பசிச்சா தானாத் திம்பான், உடுங்க.”

பெரும்பாலான பிள்ளைகளின் விஷயத்தில் மூத்தம்மா சொல்வதுதான் சரி. இரண்டு வயதில் புதிய சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவது, ஒரு கிழமை முழுக்கப் பாணும் பருப்பும்தான் வேண்டும் என்று நிற்பது எல்லாம் வளர்ச்சியின் ஒரு பகுதி. ஆனால் பசித்தாலும் சாப்பிட ஏலாத பிள்ளைகள் சிலர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். உலகம் அவர்களைப் புரிந்துகொள்ள எடுத்த காலம் முந்நூறு வருடத்துக்கும் மேல். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் எதையும் பின்னாலிருந்து தொடங்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியாவின் மேற்கே வேல்ஸ் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1857 மே மாதம் பிறந்தவள் சாரா ஜேக்கப். 1867 பெப்ரவரியில், ஒன்பது வயதில், வலிப்போடு கடும் சுகயீனம் வந்து படுக்கையில் விழுந்தாள். சாப்பாடு மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த வருடம் ஒக்டோபர் 10ஆம் திகதிக்குப் பிறகு மகள் எதுவுமே சாப்பிடவில்லை என்று பெற்றோர் சொல்லத் தொடங்கினார்கள். ஊரின் பாதிரியார் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். 1869இல் பத்திரிகைக்கே கடிதம் எழுதி, இந்த அதிசயத்தை வந்து பாருங்கள் என்றார். அதோடு கதை கையை விட்டுப் போய்விட்டது. ரயிலில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு வழிகாட்டச் சிறுவர்கள் தொப்பியில் அடையாளச் சீட்டுக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரிப்பன் கட்டி, மணப்பெண் போல அலங்கரித்துக் கட்டிலில் கிடத்தப்பட்ட பிள்ளையைப் பார்த்தவர்கள் காசும் பரிசும் வைத்துவிட்டுப் போனார்கள்.

இது அதிசயமா, ஏமாற்றா? நாடு முழுக்க இந்த ஒரு கேள்விதான். 1869 மார்ச்சில் ஊரவர்கள் இரண்டு கிழமை காவல் இருந்தார்கள், எதுவும் பிடிபடவில்லை. லண்டனில் இருந்து வந்து பார்த்த ஒரு வைத்தியர், இது நடிப்பும் நரம்பு நோயும் கலந்தது என்று பத்திரிகையில் எழுதினார். கடைசியில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்து நான்கு தாதிமாரை வரவழைத்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை: இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பிள்ளை கேட்டால் சாப்பாடு கொடுக்கலாம், கேட்காவிட்டால் கொடுக்கக் கூடாது. தகப்பனும் அவளாகக் கேட்கும்வரை கொடுப்பதில்லை என்று உறுதியோடு இருந்தார்.

டிசம்பர் 9ஆம் திகதி காவல் தொடங்கியது. சில நாட்களில் பிள்ளையின் கண்கள் உள்ளே போயின, உடம்பு குளிர்ந்தது. காவலை நிறுத்துவோம் என்று தகப்பனிடம் சொல்லப்பட்டது. இப்படி முன்பும் வந்திருக்கிறது, இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று மறுத்துவிட்டார். 17ஆம் திகதி சாரா இறந்தாள். வயது 12.

அதுவரை இரகசியமாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருந்திருக்கிறாள் என்பது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. 1870 ஜூலையில் வழக்கு நடந்தது. தகப்பனுக்கு 12 மாதம் கடூழியச் சிறை, தாய்க்கு 6 மாதம் சிறை. வைத்தியர்கள் மீதான குற்றச்சாட்டு விசாரணைக்கே போகவில்லை.

இதை வாசித்துவிட்டுப் பலர் பெற்றோரைத் திட்டிவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த அறைக்குள் பாதிரியார், வைத்தியர்கள், தாதிகள், தாய், தகப்பன் எல்லோரும் இருந்தார்கள். வலிப்பு வந்த ஒரு சிறு பிள்ளைக்கு ஏன் சாப்பாடு இறங்காமல் போனது என்று அவர்களில் ஒருவராவது கேட்டதாகப் பதிவுகளில் நான் காணவில்லை. ‘சாப்பிடாத அதிசயப் பிள்ளை’ என்று இரண்டு வருடம் பெயர் வாங்கிய ஒருத்தி, அத்தனை பேர் பார்த்திருக்க, ஒரு துண்டு பாண் தாருங்கள் என்று எப்படி வாய்திறந்து கேட்பாள்?

நம்முடைய ஊர்களிலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. பிள்ளை மெலிந்தால் கண்ணூறு என்போம், தண்ணீர் ஓதிக் கொடுப்போம், நூல் கட்டுவோரும் உண்டு. துஆ ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. ஓதியதோடு வேலை முடிந்தது என்று ஆறு மாதம் காத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

சாராவுக்கு நீண்டகாலத்துக்கு முன்பே இதை நோயாகப் பார்த்த வைத்தியர் ஒருவர் இருந்தார். 1689இல் ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர் உடல் உருகும் நோய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இரண்டு நோயாளிகளை விவரிக்கிறார். ஒருத்தி 18 வயதுப் பெண். காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை, சாப்பாடு மட்டும் நின்றுவிட்டது. மருந்தைத் தொடர மறுத்தாள், மூன்று மாதத்தில் இறந்தாள். மற்றவர் ஒரு பாதிரியாரின் 16 வயது மகன். அளவுக்கு மீறிப் படித்ததும் மனக்கவலையும்தான் காரணம் என்று முடிவெடுத்து, படிப்பை நிறுத்தி, நாட்டுப்புறக் காற்றுக்கும் குதிரைச் சவாரிக்கும் பாலுணவுக்கும் மாற்றினார். அந்தப் பையன் பெருமளவு தேறினான். கவனித்தீர்களா? முதல் பதிவிலேயே ஒரு ஆண்பிள்ளை இருக்கிறான். இது குமர்ப் பிள்ளைகளின் நோய் மட்டும்தான் என்ற எண்ணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சாரா இறந்து நான்கு வருடத்தில், 1873இல், இரண்டு நகரங்களில் இரண்டு வைத்தியர்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இந்த நோயை எழுதினார்கள். ஒருவர் லண்டனில் சேர் வில்லியம் கல், சாராவுக்குக் காவல் இருந்த தாதிகள் வந்த அதே கைஸ் ஆஸ்பத்திரியில் பெயர் பெற்றவர். ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்ற பெயரை வைத்தவர் அவர்தான். அவர் விவரித்த முதல் பெண்ணின் நிறை 82 இறாத்தல், அதாவது 37 கிலோ அளவு. தேறிய பிறகு 128 இறாத்தல். அவருடைய வைத்தியம் எளிமையானது: சூடு, ஓய்வு, மணிக்கணக்கு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. விருப்பமா இல்லையா என்று நோயாளியிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரும்பாலும் சரிவராது என்றும் எழுதினார்.

மற்றவர் பாரிஸில் சார்ல்ஸ் லாசேக். என் பார்வையில் இருவரில் கூர்மையானவர் இவர்தான். கல் நோயாளியின் நாடித்துடிப்பை எண்ணினார். லாசேக் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். முதலில் சாப்பிட்ட பிறகு வயிற்றில் ஒரு சங்கடம். அது வராமல் இருக்க ஒரு உணவை விடுகிறாள். பிறகு இன்னொன்று. சில மாதத்தில் மிஞ்சுவது ஓரிரு பண்டம்தான். இந்த நேரம் குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டே ஆயுதங்கள் என்கிறார்: கெஞ்சுவது, மிரட்டுவது. கெஞ்சக் கெஞ்சப் பிள்ளை இறுகுகிறது. மிரட்டினால் இன்னும் இறுகுகிறது. கடைசியில் அந்த வீட்டில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போகிறது. பாரிஸ் வைத்தியர் ஒருவர் 150 வருடத்துக்கு முன் எழுதியதுதான். ஆனால் “இந்த ஒரு வாய், உம்மாக்காக” என்பதிலிருந்து “வாப்பா வரட்டும், அடி கிடைக்கும்” என்பதுவரை எல்லாம் அதற்குள் இருக்கிறது.

கெஞ்சாமலும் மிரட்டாமலும் வேறு வழி உண்டா என்று கேட்டால், நம் மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. இப்னு ஸீனா 1037இல் இறந்தவர். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஸமர்கந்தைச் சேர்ந்த நிஸாமீ அரூழி என்பவர் ‘சஹார் மகாலா’ என்ற பாரசீக நூலில் இதை எழுதினார். பூயித் இளவரசர் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டது. நான் ஒரு மாடு, என்னை அறுத்துச் சமையுங்கள் என்று கத்துகிறார், சாப்பாட்டைத் தொடுகிறார் இல்லை. இப்னு ஸீனா கத்தியோடு கசாப்புக்காரர் போலப் போனார். படுக்க வைத்து, காலைக் கட்டி, விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த மாடு சரியான மெலிவு. முதலில் கொழுக்க வையுங்கள், பிறகு அறுக்கலாம்” என்றார். அன்றிலிருந்து இளவரசர் சாப்பிட்டார். சாப்பாட்டோடு மருந்தும் போனது, ஒரு மாதத்தில் குணம். இது நாம் பேசும் நோய் இல்லை, கதையில் எவ்வளவு சரித்திரம் என்பதும் வேறு விஷயம். ஆனால் நோயாளி நிற்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்து கூட்டிவருவது என்ற யோசனை பழையது.

இனி மூத்தம்மாவின் வசனத்துக்கு வருவோம். ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்பதற்கு ஒரு விஞ்ஞான ஆதாரமும் உண்டு. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் 1926இல் ஒரு பரிசோதனை தொடங்கினார். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு முன்னால் பல கிண்ணங்களில் உணவு வைக்கப்படும். தாதி கரண்டியோடு சும்மா இருப்பார். குழந்தை கைகாட்டினால் மட்டும் ஊட்டுவார், எதையும் பரிந்துரைக்க மாட்டார். மொத்தம் 15 குழந்தைகள், 34 வகை உணவு. குழந்தைகள் தாமாகத் தெரிந்தெடுத்துச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்தார்கள். பிறகு வந்த குழந்தை வளர்ப்பு நூல்கள் இதைத் தூக்கிப் பிடித்தன. டொக்டர் ஸ்பொக்கின் 1946ஆம் ஆண்டுப் புத்தகம் அதில் பிரபலமானது. கட்டாயப்படுத்தி ஊட்டும் வழக்கம் குறைய இது உதவியது, நல்லதுதான். ஆனால் டேவிஸே 1939இல் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்: தந்திரம் உணவுப் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கிண்ணங்களில் சீனி இல்லை, டின் உணவு இல்லை. இறைச்சி, முட்டை, பழம், மரக்கறி, பால், தானியம் மாதிரியானவைதான். பிஸ்கட் பக்கெட்டும் சொக்லட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது. பதினைந்து குழந்தைகளின் ஆரோக்கியம், பதினாறாவது பிள்ளைக்கு உத்தரவாதமும் ஆகாது.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வீணாகப் போனது என்றே சொல்வேன். 1914இல் ஜெர்மனியில் சிமண்ட்ஸ் என்ற வைத்தியர், மூளையடிச் சுரப்பி பழுதானால் உடம்பு உருகும் என்று காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாத பெண்களுக்கெல்லாம் சுரப்பி மருந்து கொடுத்தார்கள். அது ஓய்ந்ததும் குடும்பத்தின் மேல், குறிப்பாகத் தாயின் மேல் பழி போடும் எழுத்துகள் வந்தன. ஹில்டே புரூக் 1960களில் வேறொன்றைக் கவனித்தார். அவரிடம் வந்த பெண்கள் எலும்பும் தோலுமாக இருந்துகொண்டே தம்மை மெலிந்தவர்களாகக் காணவில்லை. 1983 பெப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 32 வயதில் இந்த நோயால் இதயம் பாதிக்கப்பட்டு இறந்தபோது, உலகம் முழுவதற்கும் ஒரே படம் பதிந்துபோனது: கண்ணாடிக்கு முன்னால் நின்று, நான் குண்டு என்று நினைக்கும் இளம்பெண்.

அந்தப் படம் உண்மைதான். ஆனால் முழுப் படம் அது இல்லை. 1873இல் கல்லும் லாசேக்கும் எழுதியதில் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிற்றுச் சங்கடம், பசியின்மை, காரணம் சொல்லத் தெரியாத ஒரு மறுப்பு, அவ்வளவுதான். ஹொங்கொங்கில் சிங் லீ என்ற உளமருத்துவர் தன் நோயாளிகள் 70 பேரைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்விலும் 41 பேருக்கு அந்தப் பயம் இல்லை. வயிறு முட்டுகிறது, பசியில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ‘குண்டாக விருப்பமில்லை’ என்று சொல்லாதவருக்கு நோயில்லை என்று முடிவெடுத்திருந்தால் அந்த 41 பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

சிறு பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டில் ஊட்டல் கோளாறு என்று ஒன்று இருந்தது, ஆனால் அது ஆறு வயதுக்கு முன் தொடங்கினால் மட்டும். ஒன்பது வயதில் முள் தொண்டையில் சிக்கி, அதற்குப் பிறகு கட்டிச் சாப்பாடே இறங்காத பிள்ளைக்குப் பெயரே இல்லை. 2013 மே மாதம் வந்த புதிய கையேட்டில்தான் பெயர் வந்தது. தமிழில் ‘உணவைத் தவிர்க்கும், மட்டுப்படுத்தும் கோளாறு’ எனலாம். வைத்தியர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஆர்ஃபிட்’ என்கிறார்கள்.

இதில் உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை கிடையாது. பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது, ஒரே பிள்ளையில் இரண்டும் மூன்றும் கலந்தும் வரும். சில பிள்ளைகளுக்கு உணவின் மணமும் பதமும் நிறமும் தாங்க முடியாதவை. நமக்குக் குழைந்த வெண்டிக்காய் எப்படியோ, அவர்களுக்கு முக்கால்வாசிச் சாப்பாடு அதைவிடப் பத்து மடங்கு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது கூடுதலாகத் தெரியும். 1943இல் ஓட்டிசத்தை முதலில் விவரித்த லியோ கானரே தன் பிள்ளைகளில் ஊட்டல் சிக்கல்களைக் குறித்து வைத்திருக்கிறார். இன்னும் சிலருக்குப் பசி என்ற அழைப்பே சரியாகக் கேட்பதில்லை. நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு ஒரு வேலை மாதிரி. மூன்றாவது, பயம். தொண்டையில் சிக்கியது, வாந்தி எடுத்தது, வயிற்றுவலி வந்தது என்று ஒரு நாள் நடந்தது, அதற்குப் பின் ஒவ்வொரு உருண்டையும் ஆபத்தாகத் தெரியும்.

வெறும் அடம்பிடிப்பில் இருந்து இதைப் பிரிப்பது எப்படி? நிறை குறைகிறதா, அல்லது வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லையா? இரும்புச் சத்து போன்றவை குறைந்து பிள்ளை சோர்கிறதா? சத்துப் பானத்தை நம்பித்தான் உயிர் ஓடுகிறதா? கலியாண வீடு, பாடசாலைச் சுற்றுலா, நண்பர் வீடு எல்லாம் சாப்பாட்டுப் பயத்தால் நின்றுபோகிறதா? சாப்பிடக்கூடிய பண்டங்களின் எண்ணிக்கை கூடாமல் வருடா வருடம் குறைகிறதா என்பதையும் பாருங்கள். சாதாரண அடம் வயதோடு தளரும், இது இறுகும்.

மெலிந்திருந்தால்தான் நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வைத்தியர்கள் ஒரு பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆரம்பப் பாடசாலைக் காலத்தில் இருந்தே உருளைக்கிழங்கு சிப்ஸ், கிரிஸ்ப்ஸ், வெள்ளைப் பாண், பதப்படுத்திய இறைச்சி, அவ்வளவுதான் அவன் உணவு. மற்றவற்றின் பதம் பிடிக்காது. உயரமும் நிறையும் சரியாக இருந்தன. 14 வயதில் களைப்பு என்று வைத்தியரிடம் போனான். பி12 குறைபாடு கண்டு ஊசி போட்டார்கள். உணவு மாறவில்லை, வைத்தியமும் தொடரவில்லை. 17 வயதில் இரண்டு கண்களிலும் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் ‘சாப்பாட்டில் கொஞ்சம் நொட்டை பிடிக்கிறவன்’ என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அந்தக் கையேடு இரண்டு விஷயங்களை வெளியே வைத்திருப்பது நமக்கு முக்கியம். சாப்பாடு கிடைக்காமல் சாப்பிடாதிருப்பது இந்த நோயல்ல. 2022இல் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பக்குவமாக அறிந்துகொள்ள வேண்டும். சமய வழக்கமான நோன்பும் நோயல்ல. ஆனால் நோய் நோன்புக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஸஹரில் தண்ணீர் மட்டும் குடித்து, இப்தாரில் ஒரு ஈச்சம்பழத்தோடு எழும்பி, பெருநாளுக்குப் பிறகும் நோன்பை விடாமல் மெலிந்துகொண்டே போகும் மகளைப் பார்த்து ‘எவ்வளவு பேணுதலான பிள்ளை’ என்று பெருமைப்படுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மனநோயும் நோய்தானா என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

உடும்பு இறைச்சி வைக்கப்பட்ட சபையில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை எடுத்துக்கொண்டதும், அது ஹராம் அல்ல, தன் ஊரில் பழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்று சொன்னதும், பக்கத்தில் இருந்த காலித் ரழியல்லாஹு அன்ஹு அதை எடுத்துச் சாப்பிட்டதும் ஹதீஸில் இருக்கிறது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, யாரும் யாரையும் கேலி செய்யவும் இல்லை. “சாப்பாட்டுக்கு நன்றி கெட்டவன்” என்று பிள்ளையை ஏசும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

குணமாகுமா என்றால், ஆகும். பயந்த உணவைப் படிப்படியாகப் பழக்குவார்கள்: முதலில் மேசையில் வைப்பது, பிறகு மணப்பது, தொடுவது, நாக்கில் வைப்பது. ஒரு பண்டத்துக்கே பல கிழமை போகலாம். பெற்றோரை ஒதுக்கிவைத்த கல்லின் காலம் போய்விட்டது; இன்று பெற்றோரை வைத்துத்தான் வைத்தியம் நடக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. நீண்ட நாள் பட்டினி கிடந்து உருகிய பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரேயடியாகச் சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டினி முகாம்களில் இருந்து மீண்டவர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்டதும் இறந்தார்கள். இரத்தத்தில் உப்புகளின் அளவு திடீரென்று சரிந்து இதயம் நின்றுவிடும். அதை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கிளினிக் கொப்பியை எடுத்து வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். கோடு படுத்திருந்தாலோ கீழே இறங்கினாலோ மிட்வைஃபிடம் காட்டி, சிறுவர் வைத்திய நிபுணரிடம் போங்கள். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவும் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம். போகும்போது பிள்ளை ஒரு கிழமையில் உண்மையாகச் சாப்பிட்டது எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “ஒண்டுமே தின்றானில்ல” என்பதைவிட அது வைத்தியருக்கு உதவும்.

அனுபவம் உள்ள பெற்றோர் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும். பிள்ளைகளின் பெயரை மட்டும் போட வேண்டாம். வெளியில் சொல்ல விருப்பமில்லாதவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.